தம்பிக்குக் கொழும்பிலிருந்து வரும் அழைப்பு

கேள்வி

ஐயா, நான் பொல்பிட்டிய பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. அம்மா கொழுந்தெடுக்கிறார், அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஒரே தம்பி, வயது 21. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, தெரிந்த ஒருவர் மூலம் கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். சில வருடம் நன்றாகத்தான் இருந்தான். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மெலிந்து போய், தூக்கமில்லாமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ஐஸ் போதைப்பொருள் பழகிவிட்டான், இடையில் ஹெரோயின் தூளும் எடுத்திருக்கிறான். ஓர் இரவு அழுதுகொண்டே அவனே என்னிடம் சொன்னான்.

ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கடன் இருக்கிறதாம். கொழும்பிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. பணம் இல்லையென்றால் ஹட்டனுக்கு ஒரு பார்சல் கொண்டுபோய்க் கொடு, பாதிக் கடனைக் கழிக்கிறோம் என்கிறார்கள். வீடு எங்கே என்று தெரியும் என்றும் சொல்கிறார்கள். என் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. பொலிஸில் பிடித்துக் கொடுத்தால் கந்தகாட்டுப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பித் திருத்துவார்கள் என்கிறார் மாமா. லயத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அம்மாவின் கவலை. இப்போது எங்கள் டிவிசனில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு மூன்று பையன்கள் தம்பியோடு சுற்றத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். பாதாளக் கும்பல்களை அரசாங்கத்தாலேயே அடக்க முடியவில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம், பொல்பிட்டிய)

பதில்

அன்புள்ள மகளுக்கு,

அந்தப் பார்சலைத் தம்பி தொடக்கூடாது. வேறு எதைச் செய்ய முடியாமல் போனாலும் இந்த ஒன்றை இன்றே அவனிடம் சொல்லிவிடுங்கள். சட்டத்தரணியாக நான் பார்த்த குடும்பங்களில், கடனுக்காக ஒரே ஒரு தடவை கொண்டுபோனவன் என்று அழுத தாய்மார் பலர். நீதிமன்றத்துக்கு அந்த ஒரு தடவை போதும்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1929ஆம் ஆண்டின் நச்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984இல் அதைத் திருத்தி, சுத்தமான அளவு 2 கிராம் ஹெரோயின் கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று ஆக்கினார்கள். 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு எல்லை 5 கிராம். ஒரு தேக்கரண்டி சீனியின் நிறை அவ்வளவுதான். தூக்குத் தண்டனை 1976க்குப் பிறகு இங்கே நிறைவேற்றப்படவில்லை, ஆனால் ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதும்தான். 21 வயதுப் பையனுக்கு அதன் நீளத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வியாபாரக் குற்றச்சாட்டு என்றால் நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடையாது. மேல் நீதிமன்றம் போக வேண்டும், விசேட காரணம் காட்ட வேண்டும். சுத்தமான அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவே மாதக்கணக்காகும், அதுவரை அவன் விளக்கமறியலில். பார்சலுக்குள் என்ன இருக்கிறது, எத்தனை கிராம் இருக்கிறது என்பது கொண்டுபோகிறவனுக்குத் தெரியாது. கொடுத்தனுப்புகிறவனுக்குத் தெரியும்.

அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் அந்த வீதியில் வாகனங்களை மறித்து, மோப்ப நாய் கொண்டு சோதிப்பது வழக்கம். ஒவ்வொரு பருவத்திலும் கஞ்சாவோடும் மாத்திரைகளோடும் இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். கொழும்பில் இருந்துகொண்டு பார்சல் அனுப்புகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தங்கள் ஆளை அனுப்பாமல் கடன்காரப் பையனை அனுப்புகிறார்கள்.

இந்தக் கடன் எப்படி வந்தது என்று தம்பியிடம் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதைதான் வரும். கடையில் பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்குகிறவனுக்குக் களைப்புப் போக ஒருவன் சும்மா கொடுப்பான். பிறகு கடனுக்குக் கொடுப்பான். கடன் ஏறியதும், இந்தச் சாமானை உன் அறையில் வைத்திரு, நாலு பேருக்குக் கொடு என்பான். ஒரு நாள் அந்தச் சாமானில் குறைகிறது என்பான். குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்பதற்கெல்லாம் அவன் சொல்வதுதான் கணக்கு. அதற்குப் பிறகு அந்தக் கடன் ஒருபோதும் தீராது, தீர வேண்டும் என்று அவர்கள் நினைப்பதும் இல்லை. பணத்தைவிட ஒரு பையன் கையில் இருப்பதுதான் அவர்களுக்கு லாபம்.

அதனால்தான் அப்பாவின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் பாசத்தில் சொல்கிறார், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்பது உங்கள் அம்மாவின் 133 முழு நாள் உழைப்பு, அதிலும் ஒரு சதம் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல். இந்தப் பணம் கைமாறினால் இந்த வீட்டில் நகை இருக்கிறது, மிரட்டினால் வரும் என்ற செய்தியும் சேர்ந்து போகும். அடுத்த மாதம் வட்டி என்று ஒரு புதுத் தொகை வரும். போதைப்பொருள் விற்ற காசை எந்த நீதிமன்றத்திலும் கடன் என்று கேட்க முடியாது. அதை மிரட்டிக் கேட்பதுதான் குற்றம்.

இன்னும் ஒன்றைத் தம்பியிடம் கேட்க வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் சந்தேகப்படுகிறேன். அவனுடைய அடையாள அட்டையில் வேறு யாருக்காவது சிம் எடுத்துக் கொடுத்திருக்கிறானா? அவனுடைய வங்கிக் கணக்கையோ அட்டையையோ யாராவது பாவிக்கிறார்களா? இன்றைய வியாபாரத்தில் விற்பவனும் வாங்குபவனும் முகம் பார்ப்பதில்லை. காசு ஏதோ ஒரு கணக்குக்குப் போகும், சாமான் ஏதோ ஒரு மதில் ஓரத்தில் வைக்கப்பட்டு அதன் இடம் போனில் வரும். அந்த ஏதோ ஒரு கணக்கு பெரும்பாலும் உங்கள் தம்பியைப் போன்ற ஒருவனுடையது. 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் முதலில் விசாரிக்கப்படுவது கணக்கின் சொந்தக்காரன்தான். அப்படி ஏதும் இருந்தால் வங்கிக்குப் போய் உடனே கணக்கை நிறுத்துங்கள், மற்றவருக்கு எடுத்துக் கொடுத்த சிம்மை இரத்துச் செய்யுங்கள். ஒரு சட்டத்தரணியைக் கண்டுகொண்டு செய்தால் இன்னும் நல்லது. கையில் காசில்லை என்று தயங்க வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழு இருப்பதே அதற்காகத்தான். நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் அவர்களுடைய அலுவலகத்தைக் காட்டுவார்கள்.

இனி மாமாவின் யோசனை. பிடித்துக் கொடுத்தால் திருந்துவான் என்று நம்புகிறவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர். அண்மைய ஆண்டுகளில் நம் சிறைகளுக்குத் தண்டனை பெற்று வருகிறவர்களில் பாதிக்கு மேல் போதைப்பொருள் வழக்குக்காரர்கள். அவர்களில் பெரிய முதலாளிகள் மிகச் சிலர். உள்ளே போகும் ஐஸ்காரப் பையன் அங்கேதான் கும்பல்காரர்களை நேரில் சந்திக்கிறான், வெளியே வரும்போது இன்னும் பெரிய இடத்து ஆட்களின் பெயர்களோடு வருகிறான். கந்தகாடு முகாமில் 2022 ஜூனில் ஒரு கைதி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். தானாக மனம் வந்து சிகிச்சைக்குப் போகக்கூடிய ஒருவனை அப்படிப்பட்ட இடத்துக்கு வலுக்கட்டாயமாக அனுப்புவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். தம்பி உங்களிடம் அழுதிருக்கிறான் மகள். அந்த அழுகைக்கு மதிப்புக் கொடுங்கள். அது இருக்கும்போதே சிகிச்சைக்குப் போக வேண்டும், நாளாக நாளாக அது வற்றிவிடும்.

சிகிச்சைக்கு எங்கே போவது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் ஏற்படுத்தப்பட்டது. அதன் 1927 இலக்கத்துக்கு எடுங்கள், தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் உண்டு. உங்களுக்குக் கண்டி வசதி. விருப்பத்தோடு சேருகிறவரின் விபரங்களை இரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. சேரும்போது அதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டி வந்தால் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று வைத்தியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு எப்படிப் போவது என்று அவர் வழிகாட்டுவார்.

வீட்டில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் குறையும். தூளை நிறுத்தியவனுக்கு அன்றைக்கே மூக்கு ஒழுகும், உடம்பு முறித்துப் போடும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் மோசமாக இருக்கும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தண்ணீரும் கஞ்சியும் விடாமல் கொடுக்க வேண்டும். ஐஸ் வேறு விதம். நிறுத்தினால் நாள்கணக்கில் தூங்குவான், அகோரப் பசி வரும், பிறகு மனம் அப்படியே இருண்டு போகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது அந்த நாட்களில்தான், ஆகவே தனியே விடாதீர்கள். தோட்டத்தில் கிருமிநாசினி வைத்திருக்கும் இடம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், கிருமிநாசினியைத் தம்பிக்குக் கையெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். இரவிலும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். கட்டி வைப்பது, காம்பிராவுக்குள் பூட்டி வைப்பது, அடிப்பது, இவை எதுவும் வேண்டாம். சில வாரம் நிறுத்தியிருந்து மறுபடி பழைய அளவில் தூளை எடுத்தால் உடல் தாங்காது, மூச்சே நின்றுவிடும். இதைத் தம்பிக்கு வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். இடையில் ஒருமுறை தவறிவிட்டால் எல்லாம் போச்சு என்று கைவிடவும் வேண்டாம். இந்த நோயில் வழுக்கி விழுவது சாதாரணம், மறுபடி அழைத்துப் போக ஆள் இருப்பதுதான் முக்கியம்.

மிரட்டலை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். தம்பி தன்னுடைய சிம்மைக் கழற்றி உங்களிடம் தரட்டும். அதில் வரும் அழைப்புகளின் இலக்கம், திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். குறுஞ்செய்தியும் குரல் பதிவும் வந்தால் அழிக்காதீர்கள். பதிலுக்கு வாதாட வேண்டாம், தவணை கேட்க வேண்டாம், எங்கேயும் சந்திக்கப் போக வேண்டாம். யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் 119. முறைப்பாடு கொடுக்கப் போகும்போது தம்பியைத் தனியே அனுப்பாதீர்கள். முதலில் சட்டத்தரணியைக் கண்டு, எதைச் சொல்வது என்று தெளிந்து, அவரோடு போங்கள். ஏனென்றால் மிரட்டப்பட்டவன் என்று போகிறவன் வியாபாரி என்று எழுதப்பட்டு வருவதும் நடக்கும். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. வாசித்துப் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்க 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பாதுகாப்புக் கோரலாமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். சரியாக நடத்தவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

அரசாங்கத்தாலேயே முடியவில்லையே என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. 2023 டிசம்பர் 17ஆம் திகதி பொலிஸார் போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய நடவடிக்கையைத் தொடங்கினார்கள். வாரக்கணக்கில் நாடு முழுவதும் சோதனை, பல்லாயிரம் கைதுகள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள், தன்னிச்சையான கைதுகளும் சித்திரவதைப் புகார்களும் வருவதைச் சுட்டி அதை நிறுத்தச் சொன்னார்கள். அத்தனை கைதுகளுக்குப் பிறகு, 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் பாதாளக் கும்பல் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றான். நான் அணியும் அதே கறுப்பு உடை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. கும்பல்களின் தலைகள் பல காலமாகவே நாட்டுக்குள் இல்லை. மாகந்துரே மதுஷ் 2019இல் டுபாயில் பிடிபட்டான். அங்கொட லொக்கா 2020 ஜூலையில் கோயம்புத்தூரில், வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தபோது இறந்தான். கெஹெல்பத்தர பத்மே 2025 ஓகஸ்டில் ஜகார்த்தாவில் கைதானான். தலைவன் டுபாயிலோ ஜகார்த்தாவிலோ இருந்தாலும் சாமானைச் சுமக்கவும், கணக்குக் கொடுக்கவும், சில வேளை துப்பாக்கியைப் பிடிக்கவும் இங்கே ஒரு பையன் தேவை. தலைவனைப் பிடிப்பது அரசின் வேலை, அதை அரசு செய்யட்டும். பையன்கள் போய்ச் சேராமல் தடுப்பதைப் பொலிஸால் செய்ய முடியாது. தோட்டமும் பள்ளிக்கூடமும் கோயிலும்தான் அதைச் செய்ய முடியும்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு அல்ல. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் கத்திக்குத்துக்குப் பேர் போனது. 2005இல் அங்கே பொலிஸாரே வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, வன்முறையை ஒரு தொற்றுநோயாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008 முதல் கும்பல் இளைஞர்களை நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்தார்கள், தண்டிப்பதற்காக அல்ல. பிள்ளையை இழந்த தாய்மார் அவர்கள் முன்னால் பேசினார்கள், காயங்களைத் தைக்கும் வைத்தியர்கள் பேசினார்கள். கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்து, விலக நினைப்பவனுக்கு வேலையும் பயிற்சியும் தருகிறோம், விலகாதவனைக் கூட்டத்தோடு பிடிப்போம் என்றார்கள். பத்து ஆண்டுகளில் அந்த நாட்டின் கொலைகள் ஏறக்குறைய பாதியாகின. எல்லாப் புகழும் அந்தத் திட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்டிப்போடு வெளியே வர ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள், நம் நடவடிக்கைகளில் அந்தக் கதவு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் டிவிசனில் அந்தக் கதவை நீங்களே திறக்கலாம். முதலில் தம்பியைச் சுற்றும் பையன்களின் தாய்மாரிடம் பேசுங்கள். குற்றம் சாட்டுவதுபோல் வேண்டாம், என் தம்பிக்கு இப்படி நடந்துவிட்டது, உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. முன்பள்ளி ஆசிரியை சொன்னால் தாய்மார் கேட்பார்கள். அம்மா மறைக்க நினைப்பது எனக்குப் புரிகிறது. லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த காம்பிராவுக்கு எட்டச் சுவர் தடையில்லை, ஆகவே ஏற்கெனவே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மறைப்பதால் லாபம் அடைவது போன் எடுக்கிறவன் மட்டுமே.

தோட்டத்துக்குள் யாராவது விற்கிறார்கள் என்றால் தடி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் பெயரில் முறைப்பாடு எழுதினால் அந்த ஒருவரைத் தேடி வருவார்கள். மாதர் சங்கம், கோயில் கமிட்டி, தோட்டத் தலைவர்கள், அதிபர் என்று முப்பது நாற்பது பேர் கையெழுத்திட்டு, உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கசிப்புக்கு எதிராக மலையகத்துப் பெண்கள் இப்படிக் கூட்டமாக நின்ற அனுபவம் நமக்கு உண்டு.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் தம்பியைக் கொழும்புக்கு அழைத்துப் போனவர் யார்? அந்தத் தெரிந்த ஒருவர் இன்னும் எத்தனை பையன்களை அழைத்துப் போனார்? எந்தக் கடை, முதலாளி யார், எங்கே தூங்குகிறார்கள், ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா, வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா? அந்த நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு சேமலாப நிதி இலக்கம்கூட இல்லாமல், சம்பளத்தை முதலாளி கையிலேயே விட்டுவிட்டு, கடையின் மேல்மாடியில் படுத்துக்கொள்ளும் பையனைத்தான் கும்பல்காரன் எளிதாகக் கண்டுபிடிக்கிறான், அவனைத் தேட யாரும் வரமாட்டார்கள் என்பதால். 16 வயது நிரம்பாதவனை அனுப்பினால் அதுவே குற்றம், சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்குச் சொல்லலாம்.

முதலில் 1927க்கு எடுங்கள், தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நகையை அப்பாவிடம் கொடுத்துவிடாமல் உங்கள் பொறுப்பிலேயே வையுங்கள். பிறகு ஒரு புதுக் கொப்பி வாங்கி, உங்கள் டிவிசனிலிருந்து கொழும்புக்குப் போயிருக்கும் பையன்களின் பெயர், கடை, விலாசம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை வீடு வீடாகக் கேட்டு எழுதத் தொடங்குங்கள். மாதம் ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் யாராவது ஒருவர் போன் எடுத்துப் பேச வேண்டும். இதை வாசிக்கும் மற்றத் தோட்டத்து ஆசிரியைகளையும் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் டிவிசனிலும் அப்படி ஒரு கொப்பி இந்த மாதமே இருக்கட்டும்.